கொங்கு நாட்டின் கருங்கல் சுவர்கள்: கட்டுதலும் மீளக் கட்டுதலும்

கருங்கல் சாந்துச் சுவர் என்பது உடைத்த கருங்கற்களை மண், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் சாந்தில் பதித்து எழுப்பப்படும் சுவராகும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் வீட்டின் கடைக்கால், கிணற்றின் உட்சுவர், வாய்க்கால் கரை, தோட்டத்தின் சுற்றுச்சுவர், சரிவு நிலத்தின் தாங்குசுவர் எனப் பல இடங்களில் இது காணப்படுகிறது. கல் எளிதில் கிடைப்பதும், மழையில் கரையாததும் இதன் சிறப்புகள். ஆனால் கல் உறுதியானது என்பதால் கற்சுவரும் தானாகவே உறுதியாகிவிடும் என்று கொள்வது தவறு. கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விதமும், சுவரின் பின்னால் சேரும் நீர் வெளியேறும் வழியுமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 2019 இல் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் சுவர் இடிந்து 17 பேர் உயிரிழந்த நிகழ்வு இதைத் தமிழ்நாடு முழுவதற்கும் உணர்த்தியது.

கல்லும் நிலமும்

கொங்கு நாடு கடினப் பாறை நிலம். நைசு, சார்னோகைட்டு, கிரானைட்டு போன்ற பாறைகள் இங்கு தரைக்குச் சற்றுக் கீழேயே கிடைக்கின்றன. பல இடங்களில் தரைக்கு மேலேயே கரடுகளாகவும் குன்றுகளாகவும் நிற்கின்றன. இவற்றையெல்லாம் மக்கள் பொதுவாகக் கருங்கல் என்றே அழைக்கின்றனர். கிணறு வெட்டும்போது உடைத்தெடுத்த கல்லே அதே தோட்டத்தின் சாளைக்கும் வரப்புக்கும் கடைக்காலாகப் பயன்பட்டது. இன்று கிணத்துக்கடவு உள்ளிட்ட பகுதிகளின் கல்குவாரிகளிலிருந்து கற்கள் வருகின்றன.

சுண்ணாம்பும் இப்பகுதியிலேயே கிடைக்கும் பொருள்தான். கரிசல் மண்ணில் முடிச்சு முடிச்சாகக் காணப்படும் சுக்கான் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். கோவையை அடுத்த மதுக்கரையின் சுண்ணாம்புப் பாறையை நம்பி 1930-களில் அங்கு சிமெண்ட் ஆலை ஏற்பட்டது. அதன் பிறகு சிமெண்ட் படிப்படியாகச் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தது.

நிலத்தில் ஒரு சிக்கலும் உண்டு. செம்மண் பகுதிகளில் கடைக்கால் விரைவில் கெட்டித் தரையைத் தொட்டுவிடும். கரிசல் மண்ணோ மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த அசைவுக்கு உட்பட்ட ஆழத்திலேயே கடைக்கால் நின்றுவிட்டால், மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் சுவர் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும்.

பழைய கட்டுமானங்கள்

கொங்கு நாட்டின் பழைய கல்வேலைகள் மூன்று வகையாக அமைந்துள்ளன. முதலாவது, சாந்தே இல்லாமல் கட்டும் முறை. பேரூர், அவிநாசி முதலான ஊர்களின் கோயில்களில் கற்களைச் செதுக்கி, முகம் முகத்தோடு பொருந்தும்படி அடுக்கியுள்ளனர். அங்கே கல்லின் எடையும் துல்லியமான பொருத்தமுமே சாந்தின் வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது, ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகள். கோபிசெட்டிப்பாளையம் அருகே பவானி ஆற்றிலுள்ள கொடிவேரி அணை 1125 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதன் கற்களை இரும்புக் கம்பிகளால் பிணைத்து, இடையில் ஈயத்தை உருக்கி ஊற்றியதாகச் சொல்வர். பவானி ஆறு காவிரியுடன் கலப்பதற்குச் சற்று முன்பாக அமைந்த காலிங்கராயன் அணை 1283 இல் நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. அதிலிருந்து பிரியும் வாய்க்கால் சுமார் 90 கி.மீ. வளைந்து சென்று கொடுமுடிப் பகுதியில் நொய்யலை அடைகிறது. இவ்வகை அணைகள் வெள்ளத்தை முழுவதுமாக மறித்து நிற்பவை அல்ல. வேண்டிய அளவு நீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மிகுதியைத் தம் தலைக்கு மேலே வழியவிடுகின்றன. நூற்றாண்டுகளாகச் செப்பனிடப்பட்டு வருவதும் அவை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, அன்றாட வேலையான ஒழுங்கற்ற கல்கட்டு. செதுக்காத, அரைகுறையாக உடைத்த கற்களைச் சாந்தில் பதித்துக் கட்டுவது இது. கிணறு, வீடு, தோட்டச் சுவர் ஆகியவற்றில் பெரும்பாலும் காணப்படும் இந்த வகையே இக்கட்டுரையின் முதன்மைப் பொருளாகும்.

வேலியிலிருந்து சுவருக்கு

கொங்கு நாட்டில் நிலத்துக்கு எல்லை வகுத்தது பெரும்பாலும் சுவர் அன்று, உயிர்வேலி. காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை நட்டு வேலி வளர்த்தனர். கிளுவை வேலி ஆடுமாடுகளைத் தடுக்கும். ஆனால் மழைநீரைத் தடுக்காது. மேட்டு நிலத்து நீர் வேலியின் அடியில் புகுந்து பள்ளத்துக்குப் போய்விடும்.

நகரங்கள் விரிந்து காடுகள் மனையிடங்களாக மாறியபோது வேலியின் இடத்தில் சுற்றுச்சுவர் வந்தது. சரிவான மனையைச் சமப்படுத்த மண் கொட்டி மேடாக்கும்போது, எல்லையைக் காட்ட எழுப்பிய சுவரே மண்ணையும் நீரையும் தாங்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறது. கற்சுவர் விபத்துகள் பலவற்றின் தொடக்கம் இந்த மாற்றம்தான்.

சாந்து வகைகள்

சாந்து கற்களை ஒட்டும் பசை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் முதல் வேலை, மேடுபள்ளமான இரு கற்களுக்கு இடையே மெத்தைபோல் அமர்ந்து எடையைச் சீராகக் கீழே கடத்துவது. ஒட்டுவது இரண்டாவது வேலையே.

மண் சாந்து: களிமண்ணைக் குழைத்துச் செய்வது. செலவு குறைவு. நீர் புகுந்தால் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் தாழ்ந்த சுவர்களுக்கும் மழை படாத இடங்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

சுண்ணாம்புச் சாந்து: சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுடும்போது கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீற்றுச் சுண்ணாம்பாக மாறும். அதனுடன் மணல் சேர்த்து, மாடு கட்டிய செக்கில் நன்றாக அரைத்துப் பயன்படுத்தினர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலப்பது தமிழகக் கொத்தர்களின் நெடுநாள் வழக்கம். சுவரில் பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகிறது. தடித்த சுவரின் நடுப்பகுதியில் இது முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

தூய சுண்ணாம்பு நீருக்குள் இறுகாது. எனவே ஈரமுள்ள இடங்களில் செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்தனர். பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்டு 1895 இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானத்துக்குப் பெரிய சான்று.

சிமெண்ட் சாந்து: விரைவில் இறுகும், வலிமை மிகுதி. கல்கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்னும் கலவை பரவலாகப் பயன்படுகிறது. இப்போது ஆற்று மணலுக்குப் பதில் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் சேர்க்கப்படுகிறது. சிமெண்ட் விறைப்பானது, சுவர் சிறிது அசைந்தாலும் வெடிக்கும். சுண்ணாம்போ சற்று இளகிக் கொடுக்கும். அதன் மெல்லிய வெடிப்புகள் சில வேளைகளில் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு.

கட்டும் முறை

வானம் தோண்டுவதில் வேலை தொடங்குகிறது. கெட்டித் தரை தெரியும்வரை தோண்டி, அடியில் கான்கிரீட் இட்டு, மேல் சுவரைவிட அகலமாகக் கடைக்கால் எழுப்பவேண்டும். பின்னர் இரு முனைகளிலும் மூலைக்கற்களை வைத்து, நூல் கட்டி, இடைப்பகுதியை வரிசை வரிசையாக நிரப்புவர். தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒவ்வொரு வரிசையிலும் தேவைப்படும்.

உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று அமராது. சம்மட்டியால் உடைத்துத் தட்டையான முகம் உண்டாக்கவேண்டும். கல்லின் அகன்ற முகம் கீழே இருக்கவேண்டும். அழகுக்காகக் கல்லை நிறுத்தி வைத்து, பின்பக்கத்தைச் சல்லியால் நிரப்புவது தவறு. மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. கற்களுக்கு இடையிலுள்ள பொந்துகளில் சாந்தை மட்டும் கொட்டாமல், கல் சில்லுகளைச் சாந்தில் தோய்த்து அடித்து இறுக்கவேண்டும்.

ஒழுங்கற்ற கல்கட்டின் மிகப்பெரிய பலவீனம் கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் வெளிப்பக்கத்துக்கு ஒரு வரிசையும் உட்பக்கத்துக்கு ஒரு வரிசையும் வைத்து, நடுவில் அரளையும் மண்ணும் கொட்டிக்கொண்டே போனால், பார்வைக்கு ஒரே சுவராகத் தெரிவது உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்களாகவே இருக்கும். நீரோ அதிர்வோ உள்ளே புகுந்தால் இரண்டும் பிரிந்து வெளிப்புறம் சாயும். இதைத் தடுப்பது ஊடுகல். சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நீளும் கல்லே ஊடுகல். அது இரு முகங்களையும் தைத்துப் பிடிக்கிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பொதுமக்களுக்காக வெளியிட்ட நிலநடுக்கக் குறிப்புகள் கற்சுவர்களுக்குப் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கின்றன:

- வீட்டுச் சுவரின் தடிமன் 45 செ.மீ.-க்கு மேற்படக் கூடாது.
- ஊடுகற்கள் உயரவாக்கில் 60 செ.மீ.-க்கு ஒன்றும், நீளவாக்கில் அதிகபட்சம் 1.2 மீட்டருக்கு ஒன்றும் இருக்கவேண்டும்.
- சுவர் முழு நீளத்துக்கும் ஒரே சீராக, 60 செ.மீ.-க்கு மிகாத கட்டங்களாக உயரவேண்டும்.
- சிமெண்ட் சாந்து 1:6, சுண்ணாம்புச் சாந்து 1:3 என்ற அளவுக்குக் குறையாத செறிவுடன் இருக்கவேண்டும்.

ஒழுங்கற்ற கல்கட்டுக்கெனத் தனியே ஐ.எஸ். 1597 (முதற்பகுதி) என்னும் இந்தியத் தரநெறியும் உள்ளது. கட்டி முடித்த பின் சிமெண்ட் சாந்து காய்ந்துவிடாமல் குறைந்தது ஒரு வாரமாவது நீர் தெளித்து வரவேண்டும். கொங்கு நாட்டுக் கோடையில் இதைத் தவிர்த்தால், சாந்து இறுகுவதற்கு முன்பே உலர்ந்து பொடியாகும்.

சுற்றுச்சுவரும் தாங்குசுவரும்

இரண்டும் கல்லால் கட்டப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவும் இருக்கும். ஆனால் அவற்றின் வேலை வேறு. சுற்றுச்சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். தாங்குசுவர் தனக்குப் பின்னாலுள்ள மண்ணின் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கு இந்த வேறுபாட்டை விளக்கும். 3 மீட்டர் உயரத்துக்கு உலர்ந்த மண் நிறைந்திருந்தால், அது ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறத்தாழ 2.7 டன் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் நீர் நிறைந்து வெளியேற வழியில்லாவிட்டால், விசை ஏறத்தாழ 6 டன்னாகிவிடும். 45 செ.மீ. தடிமனும் 3 மீ. உயரமும் கொண்ட சுவரின் மொத்த எடையோ மீட்டருக்குச் சுமார் 3.25 டன் மட்டுமே. அகலம் குறைவாக இருப்பதால் அது உலர்ந்த மண்ணுக்கே ஈடுகொடுக்காது. எனவேதான் எடையால் நிற்கும் தாங்குசுவரின் அடி அகலத்தை உயரத்தில் ஏறத்தாழப் பாதியாக வைப்பர். அடியில் 1.5 மீட்டரும் உச்சியில் அரை மீட்டரும் கொண்ட சுவர் மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் எடை கொண்டது. உலர்ந்த மண்ணை எளிதாகத் தாங்கும். ஆனால் அதன் வடிகால் அடைபட்டுவிட்டால், அந்தச் சுவரும் நிலைதடுமாறும் எல்லைக்கு வந்துவிடும்.

உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திறனோ எட்டு மடங்காகும். பழைய சுவரின்மேல் இரண்டு வரி கல் கூட்டி, அந்த உயரத்துக்கு மண்ணையும் நிரப்புவது சிறு வேலை அன்று என்பதை இது காட்டுகிறது.

நீரை வெளியேற்ற, வீப் ஹோல் என்று கட்டடத் துறையில் சொல்லப்படும் வடிதுளைகளைக் கட்டும்போதே விடவேண்டும். பொதுவாக 7 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்புறம் சற்றுச் சரிவாகப் பதிப்பர். சுவருக்குப் பின்னால் கூழாங்கல் அல்லது சல்லி அடுக்கு இருந்தால்தான் நீர் துளையை வந்தடையும். இல்லாவிட்டால் மண் துளையை அடைத்துவிடும்.

நடூர் விபத்து, 2019

2019 டிசம்பர் 2 அதிகாலை, தொடர் மழைக்குப் பின், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று அடுத்திருந்த ஓட்டு வீடுகளின்மேல் இடிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த உழைக்கும் மக்கள். சுவரின் ஆபத்தான நிலை குறித்து முன்பே முறையிட்டதாக அப்பகுதியினர் கூறினர். குடியிருப்பைப் பிரித்துவைக்க எழுப்பிய தீண்டாமைச் சுவர் இது என்று பல அமைப்புகள் குற்றம் சாட்டிப் போராடின. சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

கட்டுமான நோக்கில் இந்த நிகழ்வு சொல்லும் செய்தி தெளிவானது. உயரம் மிகுந்த கற்சுவர் ஒன்று, அதைக் கட்டியவரின் நிலத்துக்குள் மட்டும் விழுவதில்லை. அதன் பலனைப் பெறுபவர் ஒருபுறமும், அதன் ஆபத்தைச் சுமப்பவர் மறுபுறமும் இருக்கக்கூடும். எனவே சுவரின் உயரம், அடி அகலம், வடிகால் ஆகியவை உரிமையாளரின் விருப்பம் சார்ந்த செய்திகள் மட்டும் அல்ல. சுவருக்கு அப்பால் வாழ்பவரின் பாதுகாப்பும் அவற்றில் அடங்கியுள்ளது.

சிதைவின் அறிகுறிகள்

கற்சுவர் திடீரென விழுவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் முன்பே அடையாளம் காட்டும்.

- சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளினாற்போல் வெளியே பிதுங்குதல். இரு முகங்களும் பிரிவதன் அடையாளம் இது.
- தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது உச்சி வெளிப்புறம் சாய்ந்திருத்தல்.
- படிக்கட்டுபோல் சாந்து வழியே ஏறிச் செல்லும் வெடிப்பு. கடைக்கால் ஒருபுறம் இறங்கியிருப்பதை இது காட்டும்.
- மழைக்காலத்தில் வடிதுளைகளில் நீர் வராமல், இணைப்புகளில் கசிதல். அல்லது சேறு கலந்த நீர் வருதல்.
- இணைப்புகளில் அரசு, ஆல், வேம்பு முளைத்தல். வேர் தடிக்கத் தடிக்கக் கற்களைப் பிரித்துத் தள்ளும்.

வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வைப்பது எளிய சோதனை. அது உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் இச்சோதனைகளை முடிப்பது நல்லது.

மீளக் கட்டுதல்

பழுதுபட்ட சுவரை எல்லா இடத்திலும் இடிக்கவேண்டியதில்லை. சாந்து மட்டும் உதிர்ந்து, கற்கள் அசையாமல் இருந்தால் இணைப்புகளைச் சுரண்டிக் கழுவி, புதுச் சாந்து அடைத்தால் போதும். பழைய சுவர் சுண்ணாம்பால் கட்டப்பட்டதாயின் அடைப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கவேண்டும். கருங்கல் நீரை உறிஞ்சாது. சுவருக்குள் புகுந்த ஈரம் இணைப்புகள் வழியாகத்தான் வெளியேறும். அவற்றைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, நடுவிலுள்ள பழைய சாந்தை இளக்கும். வெளியே புதிதாகத் தெரியும் சுவர் உள்ளே நலிந்துகொண்டிருக்கும்.

வயிறு தள்ளிய சுவருக்குப் பூச்சு தீர்வாகாது. அந்தப் பகுதியைப் பிரித்தே கட்டவேண்டும். முதலில் பின்னாலுள்ள மண்ணை அகற்றிப் பாரத்தைக் குறைத்து, சுவருக்கு முட்டு கொடுப்பர். பிறகு உச்சியிலிருந்து வரிசை வரிசையாக இறக்கி, கற்களை அளவு வாரியாகப் பிரித்து வைப்பர். நீண்ட கற்களைத் தனியே எடுத்து வைப்பது முக்கியம், அவைதான் ஊடுகற்களாகும். புதுப் பகுதி பழைய சுவரோடு நேர்கோட்டில் முட்டாமல், படிப்படியாகப் பல்போல் கோத்துக்கொள்ளவேண்டும். பழைய கல் பெரும்பாலும் மறுபடியும் பயன்படும் என்பது கற்சுவரின் பெரிய ஆதாயம்.

சுவர் விழுந்த காரணத்தைக் கண்டறியாமல் அதே இடத்தில், அதே அகலத்தில் திரும்பக் கட்டினால் விபத்தையும் சேர்த்துக் கட்டியதாகவே ஆகும். நீரோட்டத்தின் பாதை, கடைக்காலின் ஆழம், நிரப்பிய மண்ணின் உயரம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கவேண்டும். மண்ணைத் தாங்கும் உயர்ந்த சுவராயின் பொறியாளரின் வடிவமைப்பு இன்றியமையாதது.

மீளக் கட்டும் வேலையும் ஆபத்து நிறைந்ததே. பழைய சுவரின் அடியை ஒட்டி நீளமாக வானம் தோண்டுவது அதன் பிடிப்பை அறுத்துவிடும். 2023 சூலையில் கோவையில் சுற்றுச்சுவர் வேலையின்போது சுவர் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஒரே மூச்சில் தோண்டாமல் சிறு சிறு பகுதிகளாகத் தோண்டிக் கட்டி முடித்து நகர்வதும், மழை நாள்களில் வேலையை நிறுத்துவதும், சுவரின் நிழலில் தொழிலாளர்கள் தங்காமல் பார்த்துக்கொள்வதும் அடிப்படை முன்னெச்சரிக்கைகள்.

நிலநடுக்கமும் கற்சுவரும்

கொங்கு நாட்டுக்கு நிலநடுக்க ஆபத்து இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் - பாலக்காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002 ஆம் ஆண்டின் இந்தியத் தரநெறி வரைபடத்தில் கோயம்புத்தூர் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைக்கப்பட்டது.

1993 செப்டம்பர் 30 அன்று மகாராட்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மண் சாந்தில் தடிப்பாகக் கட்டிய கற்சுவர்கள் பிளந்து வீடுகளின் உள்ளேயே விழுந்தது அங்கு உயிரிழப்பைப் பெருக்கியது. அச்சுவர்களில் பலவற்றில் ஊடுகல் இல்லை. சுவர் தடிப்பாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது. கற்சுவர் வீடுகளுக்குக் கதவு, சன்னல் மட்டத்துக்கு மேல் சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டை இருந்தால், நான்கு சுவர்களும் ஒரு பெட்டிபோல் இணைந்து அதிர்வைத் தாங்கும். பழைய கல்வீடுகளைப் புதுப்பிக்கும்போதே இப்பட்டையையும் விடுபட்ட ஊடுகற்களையும் சேர்த்துவிட முடியும்.